டென்னிஸ் ஆண்டில் எந்தப் பத்து வாரங்களைப் பார்ப்பது?

தொழில்முறை டென்னிஸுக்கு ஓய்வுக்காலம் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம்தான் தேறும். 2025 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் தொடரான யுனைடெட் கோப்பை 2024 டிசம்பர் 27 அன்றே தொடங்கிவிட்டது. கடைசிப் பெரிய போட்டியான டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம் நவம்பர் 23இல் முடிந்தது. நடுவில் நான்கு கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன்), ஆண்களுக்கு ஒன்பதும் பெண்களுக்குப் பத்துமாக, வென்றவருக்கு ஆயிரம் தரவரிசைப் புள்ளி தரும் ஆயிரம் புள்ளித் தொடர்கள், அவற்றுக்குக் கீழே 500, 250 என்று நீளும் பட்டியல், ஆண்டு இறுதித் தொடர்கள், நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டிகள். வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் உள்ள ஒருவரால் இதில் கால்வாசியைக்கூடப் பார்க்க முடியாது.

அதனால் எதை விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறுதிப் போட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு, யார் ஏன் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே ஆண்டு போய்விடும். ஆண்டுக்குப் பத்து வாரம் ஒதுக்க முடியும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து வாரத்தை எங்கே செலவிட்டால் அதிகம் கிடைக்கும் என்பதை 2025இல் நடந்தவற்றை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் எடுக்கும் முடிவு நான்கு கிராண்ட்ஸ்லாம்கள். எட்டு வாரம் அதற்குப் போகும். மீதி இரண்டு வாரத்தை ஆண்டு இறுதித் தொடர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 128 பேர், ஏழு சுற்று, ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில். ஆண்களுக்கு ஐந்து செட் ஆட்டம் என்பது இன்று இந்த நான்கு இடங்களில் மட்டுமே மிச்சமிருக்கிறது. இரண்டு செட் இழந்தவர் மீண்டு வருவதை வேறு எங்கும் பார்க்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், கிராண்ட்ஸ்லாமில் நீங்கள் பார்ப்பதெல்லாம் விளைவு. அதற்கான காரணம் வேறு வாரங்களில், வேறு ஊர்களில் நடந்து முடிந்திருக்கும். 2025 விம்பிள்டன் பெண்கள் இறுதியில் ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று அனிசிமோவாவை 57 நிமிடத்தில் முடித்தார். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு, அசைக்க முடியாத ஒருவர் ஒரு கத்துக்குட்டியை ஓட ஓட விரட்டியதாகத்தான் தோன்றும். உண்மையில் ஸ்வியாடெக் 2024 பிரெஞ்சு ஓபனுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் எந்தத் தனிநபர் தொடரிலும் இறுதியைத் தொடவில்லை. தனக்கு ஒத்துவராத புல்தரையில், விம்பிள்டனுக்கு முந்தைய வாரம் பாட் ஹோம்பர்க்கில்தான் அந்த வறட்சி நீங்கியது. அங்கேயும் இறுதியில் பெகுலாவிடம் தோற்றார். அனிசிமோவாவோ அரையிறுதியில் முதல்நிலை வீராங்கனை சபலென்காவை மூன்று செட்டில் வீழ்த்திவிட்டு வந்தவர். இரண்டு மாதம்கூட ஆகாமல் அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை நேர் செட்டுகளில் வென்றும் காட்டினார். இந்தக் கடைசிப் பகுதி கிராண்ட்ஸ்லாம் மட்டும் பார்ப்பவருக்கும் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. முதல் பகுதி கிடைக்காது.

சரி, அப்படியானால் ஆயிரம் புள்ளித் தொடர்களைப் பின்தொடரலாமா? இதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஒரு காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் முடியும் விறுவிறுப்பான தொடர்களாக இருந்தன. இப்போது ஆண்களுக்கான ஒன்பதில் ஏழு தொடர்கள் பன்னிரண்டு நாட்களுக்கு இழுக்கப்பட்டுவிட்டன. கனடாவும் சின்சினாட்டியும் 2025இல்தான் அந்த வரிசையில் சேர்ந்தன. ஒரு நாள் ஆட்டம், ஒரு நாள் ஓய்வு என்று போகும்போது பார்ப்பவருக்குப் பிடி விட்டுப்போகிறது. வீரர்களுக்கும் ஓய்வு கிடைத்த மாதிரி இல்லை, வீட்டுக்குப் போன மாதிரியும் இல்லை. இவற்றில் அற்புதங்கள் நடக்காமல் இல்லை. ஷாங்காயில் 204ஆம் நிலையில் இருந்த மொனாக்கோவின் வாஷெரோ தகுதிச் சுற்றிலிருந்து மேலே வந்து, அரையிறுதியில் ஜோகோவிச்சை வென்று, இறுதியில் தன் சொந்த உறவுக்காரரான ரிண்டர்க்னெஷைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார். இந்த வகைத் தொடரை இவ்வளவு கீழான தரவரிசையில் இருந்து வென்றவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அது ஷாங்காயில் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்ட ஒன்றை எதிர்பார்த்துப் பத்து வாரத்தை ஒதுக்கி வைக்க முடியாது. நடந்தபின் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, பிடித்த ஒருவரை ஆண்டு முழுக்கப் பின்தொடர்வது. விளையாட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம்தான் உயிரோடிருக்கும், போன ஆண்டு இதே வாரம் எடுத்த புள்ளியை இந்த ஆண்டு மறுபடி எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியெல்லாம் அப்போதுதான் உறைக்கும். ஒருவர் ஏன் சிறிய ஊரில் ஒரு 250 தொடரில் உயிரைக் கொடுத்து ஆடுகிறார் என்பதும் புரியும். இலையுதிர்காலத்தில் ரிபாகினாவைத் தொடர்ந்தவர்களுக்கு நல்ல அறுவடை. ஆண்டு இறுதித் தொடருக்கு இடம் கிடைக்குமா என்ற நிலையில் நிங்போவில் கோப்பை வென்று, டோக்கியோவில் அரையிறுதி வரை போய்க் கடைசி இடத்தைப் பிடித்து, அந்தத் தொடர் நடந்த ரியாத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதியில் சபலென்காவையும் வென்றார்.

ஆனால் அபாயமும் இதில்தான் அதிகம். 2025இல் இத்தாலியின் சின்னரைப் பின்தொடர முடிவு செய்தவரை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் வெற்றி. அதன்பின் ஊக்கமருந்து விவகாரத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிப்ரவரி 9 முதல் மே 4 வரை தடை. அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்பதை வாடாவும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் மூன்று மாதம் களத்தில் ஆள் இல்லை. நவம்பரில் தூரினில் ஆண்டு இறுதித் தொடரை வென்றதோடு நிறுத்திக்கொண்டு, தன் நாட்டிலேயே நடந்த டேவிஸ் கோப்பைக்கு அவர் வரவில்லை. காயம் என்பது எல்லோருக்கும் எப்போதும் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. ஒரே ஒருவரை நம்பிப் பத்து வாரத்தையும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு தரையின் பருவத்தை முழுதாகப் பாருங்கள். அதிலும் களிமண் பருவத்தை. ஏப்ரல் முதல் வாரத்தில் மான்டி கார்லோவில் ஆரம்பித்து, பார்சிலோனா, மாட்ரிட், ரோம் வழியாக ஜூன் தொடக்கத்தில் பாரிஸில் பிரெஞ்சு ஓபனோடு முடியும் ஒன்பது வாரம்.

ஏன் களிமண்? பந்து தரையில் பட்டதும் வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. ஒரே ஒரு சர்வீஸில் புள்ளியை முடித்துவிட முடியாது. பந்தை நகர்த்தி, எதிராளியை ஓடவைத்து, இடத்தைத் திறந்து, பிறகுதான் அடிக்க முடியும். அதனால் ஒருவர் என்ன யோசிக்கிறார் என்பது பார்ப்பவர் கண்ணுக்கும் தெரிகிறது. புல்தரையில் இந்த யோசனை முழுக்க ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும். பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். இன்னொரு விஷயம், எல்லாமே களிமண் என்றாலும் ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும். மாட்ரிட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிது, பந்து பறக்கும், அடித்து ஆடுபவர்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரமே ரோமுக்கு வந்தால் பந்து கனத்துப் போகும், பொறுமைக்காரர்களின் கை ஓங்கும். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறார் என்று பார்ப்பதே தனி அனுபவம்.

2025இல் கோகோ காஃப் மாட்ரிட் இறுதியில் சபலென்காவிடம் தோற்றார். ரோம் இறுதியில் பாவோலினியிடம் தோற்றார். அடுத்தடுத்து இரண்டு இறுதிகளை இழந்தவர் பாரிஸில் மறுபடி இறுதிக்கு வந்தார், மறுபடி எதிரில் சபலென்கா, முதல் செட்டும் 6-6 என்ற சமநிலையை முறிக்க ஆடும் டைபிரேக்கரில் போனது. அந்த இடத்திலிருந்து 6-2, 6-4 என்று திரும்பி வந்து கோப்பையை எடுத்தார். பாரிஸ் ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு நல்ல மூன்று செட் ஆட்டம். மாட்ரிடிலிருந்து பார்த்து வந்தவருக்கு, அந்த முதல் செட்டை இழந்ததும் மனது எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆண்கள் பக்கம் இன்னும் அடர்த்தி. ஸ்பெயினின் அல்கராஸ் மான்டி கார்லோ இறுதியில் முசெட்டியை வென்றார். பார்சிலோனா இறுதியில் ரூனேவிடம் தோற்றார். அங்கே ஏற்பட்ட காயத்தால் மாட்ரிடுக்கே போகவில்லை. அந்தக் கோப்பையை இறுதியில் டிரேப்பரை வென்று ரூட் எடுத்துக்கொண்டார். அல்கராஸ் ரோமில் திரும்பி வந்தபோதுதான், தடை முடிந்து சின்னரும் அதே ரோமில் திரும்பி வந்தார். மூன்று மாதம் ஆடாமலிருந்தவர் நேராக இறுதிக்கே வந்துவிட்டார். முதல் செட்டில் டைபிரேக்கர் வரை போராடி, இரண்டாவதில் 6-1 என்று சரிந்தார். அடுத்து பாரிஸ். சின்னர் ஒரு செட்கூட இழக்காமல் இறுதிக்கு வந்தார். இறுதியிலும் முதல் இரண்டு செட் அவருக்கே. நான்காவது செட்டில் 5-3, அல்கராஸின் சர்வீஸில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது அந்த மூன்றில் ஒரு புள்ளியை எடுத்தாலே சின்னருக்குக் கோப்பை. அந்த மூன்றையும் தப்பித்து, அந்த செட்டையும் பிடித்து, ஐந்தாவது செட்டின் டைபிரேக்கரை 10-2 என்று முடித்தார் அல்கராஸ். 5 மணி 29 நிமிடம், பிரெஞ்சு ஓபன் வரலாற்றிலேயே நீண்ட இறுதி. அந்த ஆட்டம் தனியாகவே போதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சின்னருக்கு ரோமில் இரண்டாவது செட்டில் காலும் கையும் தளர்ந்ததைப் பார்த்தவர், மூன்றே வாரத்தில் அவர் உடம்பை எந்த அளவுக்குத் தயார்செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பதை அங்கேதான் அளந்திருப்பார்.

இந்த ஒன்பது வாரத்தில் கோப்பை வாங்காதவர்களும் மனதில் பதிந்துவிடுகிறார்கள். முசெட்டி மான்டி கார்லோவில் இறுதி, மாட்ரிட், ரோம், பாரிஸ் மூன்றிலும் அரையிறுதி. பாரிஸில் அல்கராஸுக்கு எதிராகக் காயத்தோடு பாதியில் விலக வேண்டியதாயிற்று. இறுதிப் போட்டிகளை மட்டும் பார்த்தால் மான்டி கார்லோவில் ஒரு முறை அவரைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான். தரவரிசையில் 361ஆம் இடத்தில் இருந்து அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டில் நுழைந்த லூயிஸ் புவாசோன் பாரிஸில் பெகுலாவையும் மிர்ரா ஆண்ட்ரீவாவையும் வென்று அரையிறுதி போனதும் இதே பருவத்தில்தான்.

வேறு தரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்தரைப் பருவம் விம்பிள்டனையும் சேர்த்து ஐந்தே வாரம். கையில் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்றால் அதைத் தாராளமாக எடுக்கலாம். பாரிஸில் அப்படித் தோற்ற சின்னர், சரியாக ஐந்து வாரம் கழித்து விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை நான்கு செட்டில் வென்றார். களிமண்ணைத் தேர்ந்தெடுத்தவர் இந்த ஒரு ஆட்டத்துக்காவது விதிவிலக்கு கொடுத்துக்கொள்ள வேண்டும். கனடா, சின்சினாட்டி, நியூயார்க் என்று போகும் ஆகஸ்ட் மாதக் கடினத் தரைப் பருவத்தில் வெயிலும் களைப்பும்தான் பாதி ஆட்டத்தை ஆடுகின்றன. 2025 சின்சினாட்டி இறுதியில் உடல்நலமின்றி 0-5 என்ற நிலையில் சின்னர் விலகியது அதற்கு ஓர் உதாரணம். 18 வயது எம்போகோ மான்ட்ரியலில் ஒசாகாவை வென்றதுபோல் நல்லவை அங்கும் உண்டு. பருவமாகப் பார்க்கத்தான் ஓட்டம் போதாது.

ஒன்பது வாரம் போயிற்று. பத்தாவது வாரம்? அதை ஓர் அணிப் போட்டிக்கு வைக்கச் சொல்வேன். தனியாளாக ஆடும் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்காக ஆடும்போது வேறு ஆளாக மாறிவிடுகிறார். அது டென்னிஸில் அபூர்வமாகக் கிடைக்கும் காட்சி. நான்கு முக்கியத் தேர்வுகள் உள்ளன.

யுனைடெட் கோப்பை 2023 சீசனோடு தொடங்கியது. பெர்த்திலும் சிட்னியிலும், 18 நாடுகள். ஓர் ஆண் ஒற்றையர், ஒரு பெண் ஒற்றையர், ஒரு கலப்பு இரட்டையர் என்று மூன்றே ஆட்டத்தில் மோதல் முடிந்துவிடும். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடும் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். தரவரிசைப் புள்ளியும் உண்டு, ஒருவர் அதிகபட்சம் 500 வரை எடுக்கலாம். அதனால் பெரிய வீரர்கள் வருகிறார்கள். 2025 இறுதியில் காஃப் ஸ்வியாடெக்கையும் ஃபிரிட்ஸ் ஹூர்காச்சையும் வென்று அமெரிக்காவுக்குக் கோப்பையைத் தந்தார்கள். டென்னிஸை இப்போதுதான் பார்க்கத் தொடங்கும் ஒருவரோடு உட்கார்ந்து பார்ப்பதென்றால் இதுதான் சரியானது. குறை என்னவென்றால், எல்லோர் மனதிலும் அடுத்து மெல்போர்னில் வரும் ஆஸ்திரேலிய ஓபன்தான் இருக்கிறது.

லேவர் கோப்பையை என்னால் அந்த அளவுக்குப் பரிந்துரைக்க முடியவில்லை. 2017இல் தொடங்கிய இது, ஐரோப்பா ஒரு பக்கம், மற்ற உலகம் ஒரு பக்கம் என்று மூன்று நாள் நடக்கும். முதல் நாள் வெற்றிக்கு ஒரு புள்ளி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. 13 எடுத்த அணிக்குக் கோப்பை. 2022இல் லண்டனில் பெடரர் நடாலோடு சேர்ந்து தன் கடைசி ஆட்டத்தை ஆடியது இங்கேதான். அந்த இரவை யாரும் மறக்க முடியாது. 2025இல் சான் பிரான்சிஸ்கோவில் உலக அணி 15-9 என்று வென்றபோது ஃபிரிட்ஸ் அல்கராஸையும் ஸ்வெரேவையும் தோற்கடித்ததும் நல்ல டென்னிஸ்தான். ஆனால் ஒரு கண்டத்துக்காக ஆடுவதில், ஒரு நாட்டுக்காக ஆடும்போது வரும் பதற்றம் வருவதில்லை. அதோடு, அதே வார இறுதியில்தான் ஷென்ஜெனில் பில்லி ஜீன் கிங் கோப்பையின் கடைசிச் சுற்றுகள் நடந்தன. ரசிகர்களை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இந்த அட்டவணை வருத்தத்தைத் தருகிறது.

அந்த வார இறுதியில் நான் ஷென்ஜென் பக்கம்தான் சாய்வேன். 1963இல் ஃபெடரேஷன் கோப்பையாகத் தொடங்கி, 2020இல் பில்லி ஜீன் கிங்கின் பெயரைப் பெற்ற பெண்கள் அணிப் போட்டி இது. 2025 இறுதியில் கொச்சியாரெட்டோ நவாரோவையும் பாவோலினி பெகுலாவையும் நேர் செட்டுகளில் வென்று இத்தாலிக்கு இரண்டாவது ஆண்டாகக் கோப்பையைத் தக்கவைத்தார்கள். மே மாதம் ரோமில் ஒற்றையரையும், எர்ரானியோடு இரட்டையரையும் வென்ற அதே பாவோலினி. களிமண் பருவத்தைப் பார்த்தவருக்கு இந்த இறுதி அதன் தொடர்ச்சியாகவே அமையும். பெண்கள் டென்னிஸை அதிகம் விரும்புபவர்கள் பத்தாவது வாரத்தை இங்கே வைக்கலாம்.

எனக்கென்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டேவிஸ் கோப்பை. 1900இல் பாஸ்டனில் அமெரிக்காவும் பிரிட்டிஷ் தீவுகளும் மோதியதில் தொடங்கிய ஆண்கள் அணிப் போட்டி. இதன் கனம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும்: 1974இல் இறுதிக்கு வந்துவிட்ட இந்தியா, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால், நிறவெறிக் கொள்கையை எதிர்த்து அந்த ஆட்டத்தை ஆடாமலே கோப்பையை விட்டுக்கொடுத்தது. ஒரு லேவர் கோப்பையில் இப்படி ஒரு முடிவை எடுக்கவே இடமில்லை.

பழைய டேவிஸ் கோப்பை இப்போது இல்லை, அது உண்மை. 2018 வரை ஐந்து ஆட்டம், மூன்று நாள், ஐந்து செட், ஒரு நாட்டின் சொந்த மைதானம் என்று இருந்தது. 2019 முதல் இறுதிக் கட்டம் ஒரே இடத்துக்கு மாறி, மூன்று ஆட்டம், மூன்று செட் என்று சுருங்கியது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த கோஸ்மோஸ் நிறுவனத்துடனான 25 ஆண்டு ஒப்பந்தம் 2023 ஜனவரியிலேயே முறிந்தது. சுருங்கிய வடிவம் மட்டும் தங்கிவிட்டது. தகுதிச் சுற்றுகள் சொந்த மண், எதிரி மண் என்று நடப்பதில்தான் பழைய சூடு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தூரினில் ஆண்டு இறுதித் தொடர் முடிந்த இரண்டே நாளில் பொலோன்யாவில் டேவிஸ் கோப்பை தொடங்கினால் யார்தான் களைப்பில்லாமல் வருவார்கள்? 2025இல் சின்னரும் முசெட்டியும் வரவில்லை, அல்கராஸ் தொடைத் தசைக் காயத்தால் விலகினார்.

அப்படியும் அது கெட்டுப்போகவில்லை. அரையிறுதியில் பெல்ஜியத்தின் பெர்க்ஸுக்கு எதிராக இத்தாலியின் கொபோலி, மூன்றாவது செட் டைபிரேக்கரை 17-15 என்று வென்றார். ஏழு மேட்ச் பாயிண்ட்டுகளில் தப்பித்தார். சின்னர் வந்திருந்தால் இப்படி ஓர் ஆட்டத்தில் கொபோலி நின்றிருப்பாரா என்பதே சந்தேகம். இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக முதல் ஆட்டத்தை பெரெட்டினி ஜெயித்துக் கொடுத்தார். அடுத்து முனாரிடம் முதல் செட்டை 1-6 என்று இழந்துவிட்டு வென்றவரும் கொபோலியே. இத்தாலிக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை. 1972க்குப் பிறகு வேறு எந்த நாடும் தொடர்ந்து மூன்று முறை வென்றதில்லை.

நடைமுறையில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். களிமண் பருவத்தைத் தேர்ந்தெடுத்தால் மான்டி கார்லோவை முதல் திங்கட்கிழமையிலிருந்தே பாருங்கள், ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் போதும். பெரிய பெயர்களை முதல் இரண்டு நாள் தவிர்த்துவிட்டு, பெயர் தெரியாத இரண்டு பேர் ஆடும் பக்க மைதான ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் ரோமில், பாரிஸில் மறுபடி கண்ணில் படுவார். மாட்ரிடும் ரோமும் பன்னிரண்டு நாள் தொடர்கள் என்பதால் அங்கே முதல் நான்கைந்து நாட்களை விட்டுவிட்டு மூன்றாம் சுற்றிலிருந்து சேர்ந்துகொண்டால் ஒன்றும் குறையாது.